விலை கூடிய கேஸ் கிரில்: காசு எங்கே போகிறது?

பிப்ரவரி 11, வந்த கேள்வி

கொல்லைப்புறத்துக்கு நல்ல கேஸ் கிரில் ஒன்று வாங்கப் போகிறோம். மலிவானதை வாங்கி, துருப்பிடித்ததும் தூக்கிப் போட்டு, திரும்ப வாங்கி அலுத்துவிட்டது. இந்தத் தடவை உயர்தரம்தான் என்று முடிவு. வெபர் ஜெனிசிஸ், நெப்போலியன் பிரெஸ்டீஜ் ப்ரோ, இல்லையென்றால் இன்னும் மேலே போய் லிங்க்ஸ், டிசிஎஸ் மாதிரி முழு ஸ்டீல் ஒன்று. கடைக்காரர் சொல்வது: "பர்னர் எத்தனை, பி.டி.யூ. எவ்வளவு, இது ரெண்டும்தான் கணக்கு. மத்ததெல்லாம் பளபளப்பு." சரிதானே?

பிப்ரவரி 11, மாலை

சரியில்லை. பி.டி.யூ. என்பது சூட்டை அளக்கிற அலகு. அடுப்பில் போட்டிருக்கிற எண், அது மணிக்கு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்கிற கணக்கு. இறைச்சியில் எவ்வளவு சூடு ஏறும் என்பது வேறு கணக்கு. மூடி மெல்லிசாக, பின்பக்கம் பெரிய இடைவெளியோடு இருக்கிற அடுப்பு அறுபதாயிரம் பி.டி.யூ. குடித்துவிட்டு அதில் பெரும்பகுதியை வானத்துக்கு அனுப்பும். கனமான மூடியும் கெட்டியான பெட்டியும் இருந்தால் அதைவிடக் குறைந்த கேஸில் காரியம் முடிந்துவிடும்.

எண்ணைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 500 சதுர அங்குலத்துக்கு 40,000 என்றால் அங்குலத்துக்கு 80. 900 சதுர அங்குலத்துக்கு 60,000 என்றால் 67தான். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது இரண்டாவது.

இன்னொன்று. அந்த மொத்த எண்ணில் பக்கவாட்டு பர்னரையும் பின்பக்க ரோட்டிசரி (கம்பியில் கோத்துச் சுழலவிட்டுச் சுடுவது) பர்னரையும் சேர்த்திருப்பார்கள். சதுர அங்குலத்தில், மேலே தொங்குகிற சூடுகாப்புத் தட்டையும் சேர்த்திருப்பார்கள். இரண்டையும் கழித்துவிட்டு வகுத்தால்தான் அர்த்தம்.

பிப்ரவரி 11, இரவு

பி.டி.யூ. வேறொன்றுக்கு உதவும், சிலிண்டர் கணக்குக்கு. ஒரு பவுண்டு புரொப்பேனில் சுமார் 21,600 பி.டி.யூ. ஒன்பது கிலோ சிலிண்டர், அதாவது சுமார் இருபது பவுண்டு, என்றால் நாலு லட்சத்துச் சொச்சம். 40,000 குடிக்கிற அடுப்பை முழுசாகத் திறந்து வைத்தால் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். யாரும் முழுசாகத் திறந்து வைத்துச் சமைப்பதில்லை, அதனால் நடைமுறையில் இன்னும் கூடவே வரும். முழு ஸ்டீல் ராட்சசன் வாங்குகிறவர்கள் கூடவே இரண்டாவது சிலிண்டரையும் வாங்கிவிடுங்கள். கோழி பாதி வெந்திருக்கும்போதுதான் கேஸ் தீரும். அது எழுதாத சட்டம்.

பிப்ரவரி 13

உலோகத்துக்கு வருவோம். காசு அங்கேதான் போகிறது.

வெளியே பார்க்க எல்லா ஸ்டீலும் ஒரே மாதிரிதான் மின்னும். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 430 ரகத்தில் குரோமியம் உண்டு, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. அதனால் விலை குறைவு, மழையிலும் உப்புக்காற்றிலும் சீக்கிரம் பழுப்பு விழும். கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் சின்னக் காந்தம் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மூடியில் ஒட்டினால் 430 வகையறா, ஒட்டாவிட்டால் 304.

மூடியோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே பர்னர் குழாய், அதற்கு மேலே கூரை மாதிரி இருக்கிற சூட்டுத் தகடு, கம்பித்தட்டு, கீழே கொழுப்புத் தட்டு, எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். மூடி 304, உள்ளே இருப்பது வேறு என்பது ரொம்பச் சாதாரணம். தீ உள்ளே எரிகிறது, ஆனால் காசு செலவழித்திருப்பது வெளியே.

தடிமன் பார்க்கிறவர்களுக்கு: கேஜ் எண் கூடினால் தகடு மெலியும். 16 கேஜ் சுமார் 1.6 மில்லிமீட்டர், 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. மூடியை ஒற்றை விரலால் தூக்க முடிகிறதென்றால் விட்டுவிடுங்கள். ஓரத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி, தகடு உள்வாங்கித் திரும்பினாலும் அப்படியே.

பிப்ரவரி 14

காந்த விஷயத்தில் ஒரு பின்குறிப்பு. உலோகத் தொழிலில் இருக்கிற ஒருவர் தனியாக எழுதிச் சொன்னார், நியாயமான பேச்சு. 201 என்று ஒரு ரகம் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் போட்டது. அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் துருவைத் தாங்குவதில் 304-க்குக் கீழே. அதே நேரம் அசல் 304 தகட்டிலேயே மடித்த இடத்தில், வளைவில், காந்தம் லேசாகப் பிடிக்கும். குளிர்நிலையில் வளைத்தால் அதன் உள்ளமைப்பு கொஞ்சம் மாறுவதால் அப்படி.

ஆகவே, தட்டையான இடத்தில் பளிச்சென்று ஒட்டினால் 304 இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒட்டாவிட்டால் 304 என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கையேட்டில் "304" என்று எண்ணோடு எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறுமனே "உயர்தர ஸ்டெயின்லெஸ்" என்று இருந்தால், எண்ணைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு 304-லும் தேநீர்க் கறை மாதிரிப் படியும். மாலிப்டினம் சேர்த்த 316 அங்கே நன்றாகத் தாங்கும், ஆனால் அதில் முழு அடுப்பு செய்கிறவர்கள் குறைவு. அதைவிட எளிய வழி, எனாமல் பூசிய மூடியும் வார்ப்பு அலுமினியப் பெட்டியும். அலுமினியத்தில் சிவப்புத் துரு என்ற பேச்சே இல்லை. வெபர் ஜெனிசிஸின் பெட்டி அந்த வகைதான். ஸ்டீல் பளபளப்பு இல்லையென்று அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

பிப்ரவரி 14, இரவு

குமிழ்களில் நீல விளக்கு எரிகிறதா என்று கேட்டவருக்கு: எரிகிறது. தீ எரிகிறதா என்பதை அது சொல்லாது. வேறு கேள்வி?

பிப்ரவரி 17

பர்னர். இதைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், காந்தம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

என்னிடம் முன்பு இருந்த அடுப்பு, பெயர் வேண்டாம், வெளியே கண்ணாடி மாதிரி இருக்கும். இடது ஓரம் மட்டும் கருகும், நடுவில் வேகாது. கம்பித்தட்டையும் சூட்டுத் தகட்டையும் எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். மெல்லிய குழாய். வரிசையாக ஊசித் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்துப் பக்கத்துத் துளைகள் அரித்து ஒன்று சேர்ந்து, நகக்கண் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தன. அதன் வழியாகக் கேஸ் மஞ்சள் நாக்காகக் கொட்டுகிறது. அதே குழாயின் மறு கோடியில் உப்பும் கொழுப்பும் சேர்ந்து துளைகள் அடைபட்டு, தீயே இல்லை. உதிரி கேட்டால் "அந்த மாடல் நின்றுபோச்சு" என்றார்கள். மூடி இன்னும் கண்ணாடி மாதிரியே இருந்தது.

அதனால் கடையில் கம்பித்தட்டைத் தூக்கச் சொல்லி உள்ளே பாருங்கள். மெல்லிய குழாய், தடித்த குழாய், வார்த்த பர்னர் என்று மூன்று வகை. ஃபயர் மேஜிக் என்கிற நிறுவனத்தின் மேல்ரகங்களில் வார்ப்பு ஸ்டீல் பர்னர் வரும், கையில் எடுத்தாலே கனம் தெரியும். பித்தளை வார்ப்பும் உண்டு, துருப்பிடிக்காது. தடித்த 304 குழாயும் மோசமில்லை, சூட்டுத் தகடு அதன் தலையை ஒழுங்காக மூடி, கொழுப்பு நேரே சொட்டாமல் காத்தால். தகட்டைவிடக் குழாய் அகலமாக இருந்தால் வேண்டாம்.

நல்ல சுடர் எப்படி இருக்கும்: நீலம், நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருக்கலாம், சத்தமில்லாமல் நிற்கும். முழு மஞ்சளாகச் சோம்பி ஆடினால் காற்றுக் கலப்பு போதவில்லை. குழாயை விட்டு எழும்பி "ஊஊ" என்று ஊதினால் காற்று அதிகம்.

பிப்ரவரி 18

"புது அடுப்பு, எல்லாக் குமிழையும் திறந்தும் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது, திருப்பி அனுப்பட்டுமா?" என்று கேட்டவருக்கு. அனுப்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

குமிழ் எல்லாம் மூடுங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி ஓரிரு நிமிஷம் விடுங்கள். திரும்ப மாட்டி, சிலிண்டர் வால்வை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திறங்கள். அதற்கப்புறம்தான் குமிழ். பல இணைப்புகளில், ஒரேயடியாகக் கேஸ் பாய்ந்தால் குழாய் அறுந்துவிட்டது என்று நினைத்து ஓட்டத்தை ஒடுக்குகிற பாதுகாப்பு இருக்கிறது. குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைச் சடாரென்று திறந்தால் அது விழித்துக்கொள்ளும், அப்புறம் என்ன செய்தாலும் சுடர் குட்டையாகவே நிற்கும். சமைத்து முடித்துச் சிலிண்டரை மட்டும் மூடிவிட்டு, குமிழை மறந்து விடுகிறவர்களுக்கு அடுத்த தடவை இது நிச்சயம்.

குளிர்நாளில் சூடு குறைந்தால் காரணம் வேறு. புரொப்பேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில், பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்யத்தில். பியூட்டேன் கலப்பு அதிகமுள்ள சிலிண்டர் குளிரில் ஆவியாகாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பெரிய அடுப்பு வேகமாக உறிஞ்சும்போது சிலிண்டரே குளிர்ந்து வெளியே பனி பூக்கும். அது கோளாறு இல்லை.

பிப்ரவரி 18, கொஞ்சம் கழித்து

அதுவும் சரிவராவிட்டால் சிலந்தி. சிரிக்காதீர்கள். பர்னர் குழாயின் வாயில், காற்றும் கேஸும் கலக்கிற இடத்தில், சின்னச் சிலந்திகள் கூடு கட்டும். கேஸ் முன்னால் போக முடியாமல் பின்னால் வந்து, குமிழ்ப் பலகைக்கு அடியில் தீப்பிடிக்கும். அதனால்தான் நல்ல அடுப்புகளில் அந்த வாயில் சல்லடை போட்டிருப்பார்கள். சல்லடை இருக்கிறதா என்று பார்ப்பது இலவசம். கொஞ்ச நாள் சும்மா கிடந்த அடுப்பை மூட்டுமுன் நீளத் தூரிகை விட்டுக் குடைந்து எடுப்பதும் இலவசம்.

சிலந்தியை லேசாக நினைக்கிறவர்களுக்கு: 2011-ல் மாஸ்டா நிறுவனம் தன் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் டேங்கின் காற்றுக்குழாயில் சிலந்தி வலை கட்டியதால். கார் கம்பெனிக்கே அந்தக் கதி.

பிப்ரவரி 22

சூடு சமமாகப் பரவுகிறதா என்பதற்கு யார் சொல்வதையும் நம்ப வேண்டாம். வெள்ளை ரொட்டித் துண்டுகளைக் கம்பித்தட்டு முழுக்க இடைவெளியில்லாமல் பரப்பி, எல்லா பர்னரையும் நடுத்தரத்தில் வைத்து, மூடியை மூடி, வாசம் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், வரிசை மாறாமல் கவிழ்த்துப் பாருங்கள். அடுப்பின் வரைபடம் கண் முன்னால் வந்துவிடும். பின்வரிசை கருப்பு, முன்வரிசை வெளுப்பு என்று வரும் அடுப்புகள்தான் அதிகம்.

நண்பர் வீட்டு முழு ஸ்டீல் அடுப்பில் இதைச் செய்து பார்த்தோம். பெரிய பெயர், பெரிய விலை. முன் வலது மூலையில் இரண்டு துண்டு வெள்ளையாகவே இருந்தது. என்னுடைய சாதாரண வார்ப்பு அலுமினிய அடுப்பில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த மூலை வெந்ததை எடுத்து வைக்க வசதி என்றார். அதுவும் உண்மைதான். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால் ஒதுக்கி வைக்க இடமிருக்காது. ஆனால் அந்த மூலையை நாமாக, பர்னரைக் குறைத்து உண்டாக்க வேண்டும். அடுப்பு தானாக முடிவு செய்யக் கூடாது.

மூடியில் இருக்கிற வெப்பமானி காட்டுவது மூடிக்கு அடியில் சுற்றும் காற்றின் சூடு. கம்பித்தட்டில் அது வேறாக இருக்கும், சில சமயம் நிறையவே. தனியாக ஊசி வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். விலை கூடிய அடுப்பின் மூடி வெப்பமானியும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23

இன்ஃப்ராரெட் பர்னர் கட்டாயம் வேண்டுமா?

சாதாரண பர்னர் தகட்டையும் காற்றையும் சூடாக்கி, அது மேலே ஏறி வேகவைக்கிறது. இன்ஃப்ராரெட்டில் பீங்கான் பலகையின் நுண்துளைகளில் கேஸ் எரிந்து, பலகையே தகதகவென்று சிவக்கிறது, 800 டிகிரிக்கு மேலே. அங்கிருந்து சூடு கதிராக நேரே இறைச்சியில் விழுகிறது. தடித்த துண்டின் மேல்தோல் சீக்கிரம் முறுகும், உள்ளே இளம்பதமாக இருக்கும். நெப்போலியன் இதைப் பக்கவாட்டில் தனியாக வைக்கிறது, வேறு சிலர் பிரதான அடுப்பின் ஒரு பகுதியிலேயே வைக்கிறார்கள்.

தடித்த இறைச்சித் துண்டு அடிக்கடி சுடுகிறவர்களுக்கு அருமை. மீனும் காய்கறியும் கோழித் தொடையும் சுடுகிறவர்களுக்கு வேண்டாத செலவு. கண் மூடித் திறப்பதற்குள் கரியாகும். பிரதான அடுப்பில் ஒரு பகுதியை அதற்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மெதுவான சமையலுக்குக் கிட்டத்தட்ட உபயோகமில்லை, ஏனென்றால் இன்ஃப்ராரெட்டைத் தணித்து எரிப்பது கஷ்டம். வைப்பதானால் பக்கவாட்டில் இருக்கட்டும்.

பீங்கான் பலகை சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டால் விரியும். மழை வந்தால் மூடு, ஆனால் முதலில் ஆறவிடு. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிச் செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.

பிப்ரவரி 24

நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். பின்பக்க இன்ஃப்ராரெட் ரோட்டிசரி பர்னர் வேறு கதை. முழுக் கோழியைச் சுழலவிட்டால், சொட்டுகிற கொழுப்பு தீயில் விழாமல் கீழே தட்டில் விழுகிறது, குபீரென்று எரிவதில்லை, தோல் சீராகச் சிவக்கிறது. நான் இதை ஆடம்பரம் என்று ஒதுக்கியிருந்தவன். இப்போது எங்கள் வீட்டில் அதிகம் ஓடுவது இதுதான். மோட்டாரைத் தாங்கும் கொக்கி ஆடாமல் இருக்கிறதா பாருங்கள். ஆடினால் கோழி ஒரே பக்கமாக நிற்கும்.

பிப்ரவரி 27

"எவ்வளவு காசு போட்டாலும் கரியடுப்பின் ருசி வராது" என்று ஒருவர் வந்து கல்லெறிந்துவிட்டுப் போயிருக்கிறார்.

பாதி ருசி கரியிலிருந்து வருவதே இல்லை. கொழுப்பும் சாறும் சூடான பரப்பில் விழுந்து புகையாகி மேலே ஏறி இறைச்சியில் படிவதுதான் அது. பழைய கேஸ் கிரில்களில் இதற்காக எரிமலைக் கல் போட்டார்கள். கல் கொழுப்பைக் குடித்துக்கொண்டே இருந்து ஒருநாள் குபீரென்று பற்றும். 1985-ல் வெபர் ஜெனிசிஸ் வந்தபோது கல்லை எடுத்துவிட்டு, சாய்ந்த கூரை மாதிரித் தகடுகளை வைத்தார்கள். கொஞ்சம் புகையாகும், மிச்சம் வழிந்து கீழே போகும். இன்று பெரும்பாலோர் அதன் ஏதாவது ஒரு வடிவத்தைத்தான் வைக்கிறார்கள். டிசிஎஸ் பீங்கான் தண்டுகளை அடுக்கி வைக்கிறது, சூடு அதனால் இன்னும் பரவலாக வரும்.

மரப்புகை வேண்டுமென்றால் கேஸ் அடுப்பு தோற்றுப்போகும், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எரிவதற்குக் காற்று வேண்டும் என்பதால் பின்பக்கம் திறந்திருக்கும். புகை தங்காமல் போய்விடும். மரத்தூள் பெட்டியெல்லாம் மனசுக்குத்தான். கலமசூ என்கிற நிறுவனத்தின் ஹைபிரிட் அடுப்பில் கேஸ் பர்னருக்கு மேலேயே கரியும் விறகும் போடலாம். அதன் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்ப வந்து பேசுங்கள்.

மார்ச் 1

கம்பித்தட்டு. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைக்கும், கோடு அழகாக விழும், ஆனால் எண்ணெய் தடவிப் பராமரிக்காவிட்டால் ஒரே மழையில் சிவந்துவிடும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு பூச்சு இருக்கிறவரை சுகம். ஒரு மூலையில் சில்லு பெயர்ந்தால் அங்கிருந்து துரு உள்ளே நடக்கும். தடித்த ஸ்டீல் கம்பி அவ்வளவு அழகாகக் கோடு போடாது, ஆனால் என்ன அடித்தாலும் தாங்கும். நெப்போலியன் பிரெஸ்டீஜ் ப்ரோவில் வருகிற அலை வடிவக் கம்பி 9.5 மில்லிமீட்டர். அந்தத் தடிமன் இருந்தால் சூட்டைப் பிடித்து வைப்பதிலும் பெரிய குறை இல்லை. என் ஓட்டு ஸ்டீலுக்கு.

கம்பிப் பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்கள். உதிர்ந்த கம்பி முள் இறைச்சியில் ஒட்டி வயிற்றுக்குள் போய், தொண்டையிலும் குடலிலும் குத்திய நோயாளிகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-ல் அறிக்கையே வெளியிட்டது. சூடாக இருக்கும்போது மரச் சுரண்டியால் சுரண்டி, ஈரத்துணியை இடுக்கியில் பிடித்துத் துடைத்தால் போதும்.

மார்ச் 4

சக்கர வண்டியோடு வாங்குவதா, மேடை கட்டி உள்ளே பதிப்பதா என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். சிலிண்டரைக் கல் மேடைக்குள் வைத்துக் கதவை மூடினால், கீழே எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளை இருந்தே தீர வேண்டும். குழாய்வழி இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, அதற்கு மேலேயும் துளை வேண்டும். கொத்தனார் அழகுக்காக அடைத்துவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மரச்சட்டத்தில் மேடை கட்டினால், தீப்பிடிக்காத உறைப்பெட்டி போட்டுத்தான் அடுப்பை இறக்க வேண்டும்.

அடுத்தது காற்று. அடுப்பின் பின்பக்கம் காற்று வரும் திசையைப் பார்த்தபடி பதித்துவிட்டால், வெளியே போக வேண்டிய சூட்டைக் காற்று திரும்ப உள்ளே தள்ளும். அது முன்னால், குமிழ்கள் வழியாக வெளியேறப் பார்க்கும். குமிழைத் தொட முடியாது, உள்ளே வயர்கள் கருகும். வண்டி என்றால் திருப்பி வைக்கலாம். மேடையை எப்படித் திருப்புவது? முதலில் வண்டியில் வாங்கி, எல்லாப் பருவத்திலும் காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

குழாய்வழி எரிவாயுவுக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் வாங்கும்போதே அந்த ரகமாகக் கேளுங்கள். அதே கன அளவு புரொப்பேனில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சூடு இருக்கிறது, அதனால் இரண்டுக்கும் கேஸ் வரும் நுண்துளையின் அளவு வேறு, அழுத்தமும் வேறு. துளையை நாமே பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அவர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது சந்தோஷம்.

மார்ச் 5

சோப்புத் தண்ணீர். அடுப்பு வந்த அன்றே, சிலிண்டரைத் திறந்து, குமிழ்களை மூடி வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் நுரை பூசுங்கள். என் அடுப்பில் ரெகுலேட்டர் நட்டுக்குப் பக்கத்தில், முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு குமிழி கடுகளவு வந்து, மெதுவாக மிளகளவு ஆகி, உடைந்து, திரும்பக் கடுகளவு. மூக்குக்கு எதுவும் தெரியவில்லை. குறட்டால் கால் சுற்று முறுக்கியதும் நின்றது. தீக்குச்சி காட்டிச் சோதிக்கிற வீரர்கள் பற்றிப் பேச வேண்டாம்.

மார்ச் 8

உத்தரவாதம். "ஆயுள் உத்தரவாதம்" என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் பாகம் பாகமாகப் பிரித்திருப்பார்கள். பெட்டிக்கு ஒரு காலம், பர்னருக்கு ஒரு காலம், கம்பித்தட்டுக்கு ஒன்று, பற்றவைக்கிற பாகத்துக்கு மிகக் குறைவு. முதலில் போவதும் அதுதான். பல அடுப்புகளில் பட்டனுக்குப் பின்னால் சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது, அது தீர்ந்ததற்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. சில உயர்ரகங்களில் பொறிக்குப் பதிலாகச் சூடேறிச் சிவக்கிற கம்பி பற்றவைக்கும், ஈரத்தில் ஏமாற்றாது, ஆனால் மின்சாரம் வேண்டும்.

உத்தரவாதத்தை விட முக்கியம்: நீங்கள் பார்க்கிற நிறுவனத்தின் பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல் எண்ணைப் போட்டு, பர்னரும் சூட்டுத் தகடும் இன்றைக்குக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் வாங்குங்கள். இந்த ஒரு சோதனையில் பட்டியலில் பாதி கழிந்துவிடும். சொல்லப்போனால் விலை கூடிய அடுப்புக்கும் மலிவான அடுப்புக்கும் நான் கண்ட உண்மையான வித்தியாசம் இதுதான். எல்லா அடுப்பின் உள்பாகமும் தேயும். ஒன்றில் மாற்றலாம், இன்னொன்றில் அடுப்பையே மாற்ற வேண்டும்.

மார்ச் 12

கேள்வி கேட்டவர் கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறார்: வார்ப்பு அலுமினியப் பெட்டியுள்ள மூன்று பர்னர் ஜெனிசிஸ், இல்லையென்றால் மேடையில் பதிக்கிற முழு ஸ்டீல் ஒன்று, விலை பல மடங்கு. வீட்டில் நாலு பேர், வாரக் கடைசியில் சமையல், எப்போதாவது விருந்து.

முதலாவது. யோசிக்கவே வேண்டாம். நாலு பேருக்கு முழு ஸ்டீல் ராட்சசனைச் சூடாக்குவதற்குள் பசி போய்விடும். கனமான உலோகம் சூட்டைப் பிடித்து வைக்கும்தான், ஆனால் முதலில் அந்தச் சூட்டைக் குடிக்க வேண்டுமே. மிச்சக் காசில் ரோட்டிசரியும் ஊசி வெப்பமானியும் இரண்டாவது சிலிண்டரும் வாங்கலாம், அப்போதும் மிஞ்சும். விருந்து நடத்துவதே வாழ்க்கை, வெளிச் சமையலறை கட்டியாகிவிட்டது, கையில் போதுமான காசும் இருக்கிறது என்றால் முழு ஸ்டீல் வாங்குங்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் பர்னர் வார்ப்பாக இருக்கட்டும்.

மார்ச் 12, இரவு

"நெப்போலியனை ஏன் விட்டீர்கள்?" விடவில்லை. தடித்த துண்டு சுடுகிற வீடென்றால் பக்கவாட்டு இன்ஃப்ராரெட்டுக்காக அதுதான். அவர் வீட்டில் மீன் பிரியர்கள்.

மார்ச் 19

வாங்கிவிட்டாராம். உறை பற்றிக் கேட்கிறார். உறை போடுங்கள், ஆனால் அடுப்பு முழுக்க ஆறிய பிறகு. சூட்டோடு போட்டால் உருகி ஒட்டும், ஈரத்தோடு போட்டால் உள்ளேயே வேர்த்து, உறை இல்லாததைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். ஓரத்தில் காற்றோட்டத் துளையுள்ளதாக வாங்குங்கள். கொழுப்புத் தட்டைக் காலி செய்யாமல் உறை போட்டால் எலி குடிவரும், அது கேஸ் குழாயையும் கடித்துப் பார்க்கும். போன வாரம் பக்கத்து வீட்டில் அதுதான் நடந்தது. குழாய் மாற்றியாகிவிட்டது, எலி இன்னும் அகப்படவில்லை.